மருந்துக்கு முந்து, டெஸ்ட்டுக்குப் பொறு

இடது கை ஆட்காட்டி விரலில்தான் குத்தியது. ராத்திரி மணி 11.40. மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை விடாமல் ஊற்றிய ஒரு நாள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டியில் இரண்டே பேர். காய்ச்சலும் வாந்தியுமாக வந்தவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி போட்டுவிட்டு ட்ரேயை எடுத்தேன். ஊசி பஞ்சுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

போட்ட ஊசியை அந்த நிமிஷமே துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். 2016-ம் வருட மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது அது. அந்த ரூமில் இருந்த டப்பா நிரம்பிப்போய்க் கீழே கொண்டுபோயிருந்தார்கள், மாற்று டப்பா வரவில்லை. அதனால் ட்ரேயில் வைத்தேன். வைத்தது நான்தான்.

கிளவுஸைக் கழற்றினால் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு ரத்தம். உடனே விரலை அழுத்திப் பிழிந்தேன். செய்யவே கூடாதது அது. பிழிந்தால் அந்த இடம் கன்றிப்போய் காயம் இன்னும் மோசமாகும், கிருமி வெளியே வந்துவிடாது. விரலை வாயில் வைப்பது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றுவது, இதெல்லாமும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். நர்சிங் படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். குத்திய நேரத்தில் அது கைக்கு வரவில்லை.

வாஷ்பேசினில் நிற்கும்போது பின்னால் யாரோ வந்த சத்தம். அந்த நோயாளியின் சம்சாரம். படுக்கை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் கையை விட்டு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். லேபிள் முழுக்கச் சுரண்டப்பட்டு, பசை மட்டும் அழுக்கேறிப் பிசுபிசுவென்று இருந்தது. மூடியைத் திறந்தார். மாத்திரைகளுக்கு மேலே பஞ்சு அடைத்திருந்தது. பஸ்ஸில் போகும்போது குலுங்கிச் சத்தம் வரக் கூடாதாம்.

"யம்மா, உன்கிட்ட சொல்லாம வுட்டேன்னா எனக்குச் சோறு எறங்காது. இவரு ஒம்போது வருசமா இந்த மாதிரி மாத்திரதான் சாப்புடுறாரு. ஒரு நாள் வுட்டதில்ல. நீ போய்ப் பாத்துக்க."

அந்தம்மா சொல்லியிருக்கத் தேவையே இல்லை. எச்.ஐ.வி. இருப்பதை, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் வற்புறுத்திச் சொல்ல வைக்க முடியாது. 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. என் விரலைப் பார்த்துவிட்டு, ஒன்பது வருடம் பொத்திவைத்ததை அவராகத் திறந்து காட்டினார். சொல்லாமல் விட்டிருந்தால் நானும் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு டூட்டி பார்த்திருப்பேன்.

பொறுப்பில் இருந்தவருக்குப் போன் போட்டேன். "இந்நேரத்துக்கு டூட்டியை வுட்டுட்டு எங்க போவ? காலைல பாத்துக்கலாம்" என்றார். என் தலைக்குள் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது: 72 மணி நேரம். அதற்குள் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை ஆரம்பித்தாக வேண்டும். 72 என்பது கடைசி எல்லை. முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏன் இந்த அவசரம் என்று பிற்பாடு நிறையப் பேர் என்னிடம் கேட்டார்கள். உள்ளே நுழைந்த வைரஸ் உடனே உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. முதலில் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களில் புகுந்து பெருகும், அப்புறம் நெறிக்கட்டும் கணுக்களுக்குப் போகும், அங்கிருந்து ரத்தத்துக்கு. இடையில் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். ஒரு செல்லின் மரபணுவுக்குள் தன்னை எழுதிக்கொண்டுவிட்டால் அதைப் பிடுங்கி எறிய இன்றுவரை மருந்து கிடையாது. அது பெருகி நிலைகொள்வதற்குள் வழியை அடைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. பெப் என்று சொல்வார்கள். ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகப் போக மருந்தின் பிடி தளர்ந்துகொண்டே வரும்.

கூட இருந்த சிஸ்டர் "நீ போடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். மழையில் ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குப் போனேன். எங்கள் ஆயா கடைசிவரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றேதான் சொல்லும். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடம் என்பதால் வந்த பேர். வட சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே பிறந்திருப்பார்கள், இல்லை செத்திருப்பார்கள். கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டருக்கு என்னைவிட வயசு கம்மி. ஊசி உள்ளே ஓட்டை உள்ளதா, எவ்வளவு ஆழம், ஊசியில் ரத்தம் தெரிந்ததா, அவர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"சிஸ்டர், எச்.ஐ.வி. உள்ளவங்க ரத்தம் பட்ட ஊசி குத்தினா ஆயிரத்துல சுமார் மூணு பேருக்குத்தான் தொத்தும். ஹெபடைடிஸ் பி-தான் பெரிய ஆபத்து, தடுப்பூசி போடாதவங்களுக்கு நூத்துக்கு முப்பது வரைக்கும் போகும். மூணு டோஸும் போட்டிருக்கீங்க இல்ல?" என்றார். போட்டிருந்தேன். ஆனாலும் தடுப்பூசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று டைட்டர் பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

அவர் ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர், வைரஸ் அளவு ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும், பிறகு எனக்கு எதற்கு மருந்து என்று கேட்டேன். மருந்தைத் தவறாமல் எடுத்து வைரஸ் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு வழியாக அது மற்றவருக்குப் பரவாது. ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து உறுதி செய்தது அது. ஊசிக் குத்து நேராக ரத்தத்தோடு ரத்தம். அதிலும் ஆபத்து வெகுவாகக் குறையும், ஆனால் பூஜ்யம் என்று எழுதிக்கொடுக்க முடியாது. அவருடைய வைரல் லோடு அன்றைக்கு எவ்வளவு என்பதும் எங்களுக்குத் தெரியாது. 1.20-க்கு முதல் மாத்திரை போட்டேன்.

மறுநாள் காலை, எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மீதி மாத்திரையை டப்பாவாகக் கொடுத்தார்கள். கையில் வாங்கியதும்தான் பார்த்தேன். அதே வெள்ளை டப்பா. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நோய் உள்ளவர் ஆயுசுக்கும் சாப்பிடுவதும் அதுதான், நோய் வராமலிருக்க நான் 28 நாள் சாப்பிடப்போவதும் அதுதான்.

28 நாளில் ஒரு நாள்கூட விடக் கூடாது, நடுவில் நிறுத்தக் கூடாது. முதல் வாரம் குமட்டல். ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் கலைந்து விசித்திரக் கனவாக வந்தது, கவுன்சிலரைக் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன், சரியாகிவிட்டது. இன்னொன்றை மட்டும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். எனக்கு ரத்தச்சோகை, தினம் இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவள். இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல், இதையெல்லாம் டோலுடெக்ராவிரோடு ஒரே நேரத்தில் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இந்த மாத்திரையை முதலில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், சர்க்கரை மாத்திரையாக இருந்தாலும் சரி. மெட்ஃபார்மின் அளவைக்கூட இதற்காகக் குறைக்க வேண்டி வரலாம்.

டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை மாத்திரை போட்டுவிட்டு நிற்கிறேன், மாமியார் சமையலறைக்குள் வரும் சத்தம் கேட்டது. சட்டென்று முந்தானைக்குள் மறைத்தேன். அத்தை போன பிறகு பார்த்தால் என் கட்டைவிரல் நகம் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. நான் நர்ஸ். எனக்கு நோயும் இல்லை. குத்தியது ஆஸ்பத்திரி ஊசி. அப்படியும் கை அந்த வேலையைத்தான் செய்தது. மஞ்சள் பை அம்மாவின் ஒன்பது வருடத்தை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சென்னையில் இந்த வெட்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1986-ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியர் சுனிதி சாலமன், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை நிர்மலா ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்ததில் ஆறு பேருக்கு இருந்தது தெரிந்தது. அந்த இரண்டு பெண் டாக்டர்களும் அன்றைக்குச் செய்தது பெரிய காரியம். ஆனால் ஊருக்குள் சேதி பரவியது "அந்த மாதிரிப் பொம்பளைங்க நோய்" என்றுதான். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகியும் அந்த வார்த்தை எங்கள் தெருக்களை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்காரரிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் டெஸ்ட்டெல்லாம் முடிகிறவரை ஆணுறை இல்லாமல் கூடாது, ரத்த தானமும் கூடாது. அவர் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். பதினாலு வருஷமாக ரோடுதான் வாழ்க்கை. விரலைப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஒரு தபா எடுத்துடலாமா?" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த டெஸ்ட் ஒன்றும் புதிதில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குப் பேர் பதியும்போதே எடுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டு பிள்ளைக்கும் எடுத்தார்கள். அம்மாவுக்கு இருப்பது முன்கூட்டித் தெரிந்தால் மருந்து கொடுத்துக் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதற்காக. ஆம்பளைகளை யார் பிடித்து எடுப்பது? நாற்பது வயதுவரை ஒரு தடவைகூட எடுக்காத ஆண்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல் போதாது. ஆம்பளைகள் இதை வாசித்தால் ஒரு தடவை போய் எடுத்துவிட்டு வாருங்கள். காரணம் வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

எடுக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பேர். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, இலவசம். எங்கே பக்கம் என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு போகாது. உள்ளே போனால் முதலில் கவுன்சிலர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். சம்மதம் கேட்பார். சம்மதமில்லாமல் எடுப்பது சட்டப்படி தப்பு. ரத்தம் எடுக்கும் டியூபில் பேர் இருக்காது, ஒரு எண் இருக்கும். முதல் கிட்டில் ஒன்றும் காட்டாவிட்டால் நெகட்டிவ். எதையாவது காட்டினால் உடனே முடிவு சொல்லமாட்டார்கள். வேறு இரண்டு வகைக் கிட்டில் போட்டு, மூன்றிலும் காட்டினால்தான் பாசிட்டிவ். ஒற்றைக் கிட்டில் கோடு விழுந்த பேப்பரை வாங்கிக்கொண்டு தண்டவாளத்துக்குப் போன கதைகளைக் கேட்டவள் நான். அந்தக் கோட்டை உறுதி செய்யாமல் யாரும் நம்பாதீர்கள். முடிவைப் பெரும்பாலும் அன்றைக்கே, அதே தனி அறையில், உங்கள் கையில்தான் கொடுப்பார்கள்.

வீட்டுக்காரர் பெஞ்சில் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டித் திருகு ஆக்கிவிட்டார். கன்டெய்னர் வண்டியை ஒற்றைக் கையில் ரிவர்ஸ் எடுக்கிறவருக்கு அன்று விரலெல்லாம் வேர்த்திருந்தது. நெகட்டிவ் என்று வெளியே வந்து, ரோட்டோரக் கடையில் இரண்டு டீ சொல்லி, அவருடையதைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

எனக்கு அன்றே முடிவு சொல்ல முடியாது. முதல் நாள் எடுத்தது ஊசி குத்துவதற்கு முன் என் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள. அப்புறம் ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். மூன்றும் நெகட்டிவ். அந்த ஆறு மாதத்தில் எனக்கு வந்த ஒவ்வொரு இருமலையும் நான் எண்ணியிருக்கிறேன்.

நர்சிங் ஹோமில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்கள் வேலையாட்களுக்குக் கையுறை முதலான பாதுகாப்பும், பயிற்சியும், இப்படி ஏதும் நடந்தால் பெப் மருந்தும் கொடுத்தாக வேண்டும் என்று அதே எச்.ஐ.வி. சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். பத்து நாளில் ரூமுக்கு ஒரு டப்பாவும் ஊசி வெட்டும் மெஷினும் வந்தது. அன்று ராத்திரி போன ஆட்டோ காசை மட்டும் கடைசிவரை தரவில்லை. வருஷம் முடிந்ததும் வேறு இடம் மாறிவிட்டேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பக்கத்துத் தெருப் பையன் போன் செய்தான். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவன், 23 வயசு. குழந்தையாக இருந்தபோது நான் தூக்கி வைத்திருந்த பையன். "யக்கா, உனுக்கு ஊசி குத்திச்சே, அப்ப ஒரு மாத்திரை சாப்ட்டியே, அது எங்க கெடிக்கும்?" என்றான். யாருக்கு என்றேன். சிநேகிதனுக்கு என்றான். எப்போ நடந்தது என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணி என்று நிமிஷக் கணக்காகச் சொன்னான். சிநேகிதன் கதைக்கு அவ்வளவு கணக்கு வராது.

ஆணுறை கிழிந்திருக்கிறது. கூட இருந்தவரும் ஆண். அதைச் சொல்ல அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு அந்தக் கால் மணி நேரமும் கடிகாரமாகத்தான் ஓடியது: 46 மணி நேரம் போய்விட்டது, 26 மிச்சம்.

கூட்டிக்கொண்டு போனேன், ஒரு ஆஸ்பத்திரிக்கு. எது என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம் ஆவல. இன்னா வேலை பாத்துட்டு வந்து நிக்கற நீ? நாளைக்கு ஓ.பி.ல வா." நாலு பேர் காதில் விழும்படி. அவன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எனக்கு அன்று ராத்திரி பொறுக்கவே முடியாமல் போனது இதுதான். எனக்கு ஊசி குத்தியபோது ஒருவர்கூட ஒழுக்கம் பேசவில்லை. "ஐயோ பாவம் சிஸ்டர்" என்றார்கள். அதே வைரஸ், அதே 72 மணி நேரம், அதே வெள்ளை டப்பா. அவனுக்கு மட்டும் ஏன் உபதேசம்? ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே மாதம் 10. நாலு நாள் இடைவெளியில் இரண்டும் வந்துவிட்டன. அந்தக் கவுன்டருக்கு இன்னும் வரவில்லை.

பெரம்பூரில் எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவரை எழுப்பினேன். 11.30-க்கு எழுதிக்கொடுத்தார். அந்நேரத்தில் திறந்திருந்த மூன்று மருந்துக்கடையிலும் ஸ்டாக் இல்லை. காலை 9 மணிக்குத்தான் கிடைத்தது. 58-வது மணி நேரத்தில், கடை வாசலிலேயே, என் பாட்டில் தண்ணீரில் விழுங்கினான்.

விழுங்கிவிட்டுத்தான் இன்னொன்றைச் சொன்னான். முந்தைய வருஷமும் இப்படி ஒரு பயம் வந்து, நாலாவது நாளே தனியார் லேபில் காசு கட்டி டெஸ்ட் எடுத்திருக்கிறான். நெகட்டிவ். அந்த பேப்பரை பர்ஸில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நிம்மதியாகச் சுற்றியிருக்கிறான். எனக்கு வயிறு பகீரென்றது. நாலாவது நாள் எடுக்கும் டெஸ்ட், அந்த நாலு நாளுக்கு முந்தைய காலத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்லும். சாதாரணக் கிட் தேடுவது வைரஸை இல்லை, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை. அது தேறிவர வாரக்கணக்காகும். மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் அந்தக் கிட்டின் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்ளலாம். வைரஸின் ஒரு துண்டையும் சேர்த்துத் தேடும் நாலாம் தலைமுறை லேப் டெஸ்ட்டில் 45 நாளில் தெரிந்துவிடும். தொற்று நுழைந்த நாளுக்கும் டெஸ்ட்டில் தெரியும் நாளுக்கும் நடுவில் இருப்பதுதான் விண்டோ பீரியட். பயந்துபோன மனுஷன் முதல் வாரம் லேபுக்கு ஓடுகிறான், மருந்து வாங்க ஓட வேண்டிய அந்த மூன்று நாளை வீட்டுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கழித்துவிடுகிறான். நான் பார்த்த ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். அவனுக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம் இருந்தது.

28 நாள் சாப்பிட்டான். ஆறாவது வார டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் அதே சமயம் எடுத்த ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. இதுவும் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிற நோய்தான். சுகவாழ்வு மையம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆரம்ப நிலை என்பதால் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக ஒரே தடவை. நடக்க முடியாமல் இரண்டு நாள் படுத்திருந்தான். வீட்டில் படகில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவைத்தோம்.

அப்புறம் டாக்டர், நடந்த பிறகு ஓடிவராமல், நடப்பதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளும் மாத்திரையைப் பற்றிப் பேசினார். பிரெப். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடாபினும் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே, ஆபத்து அதிகமுள்ள யாருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்ட மருந்து. ஆரம்பிக்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே தொற்று இருந்து இந்த இரண்டு மருந்தை மட்டும் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். கிட்னிக்கு கிரியாட்டினின் பார்க்க வேண்டும், ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்.ஐ.வி. டெஸ்ட்டும் மற்ற டெஸ்ட்டுகளும். மருந்தை அவன் வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். சிபிலிஸை இது தடுக்காது, அதனால் ஆணுறையையும் விடவில்லை.

எப்படிச் சாப்பிடுவது என்பதில் அவன் தொழில் குறுக்கே வந்தது. லாஞ்சு ஏறினால் பத்து நாள் கடல்தான். ஆண்களுக்கு தினமும் போடாமல் தேவைக்கு மட்டும் போடும் வழி ஒன்று உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை சேர்த்து, அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-ல் ஒன்று. உறவு தொடர்ந்தால் தினம் ஒன்று, கடைசி உறவுக்கு அப்புறம் இரண்டு நாள் வரை. கடலில் இருக்கும் நாளுக்கு மாத்திரை வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாளும் கரையில்தான், அப்போது தினம் ஒன்று போடுவது என்று டாக்டரும் அவனும் பேசி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தேவைக்கு மட்டும் போடும் கணக்கு பெண்களுக்கு ஆகாது, ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் ஆகாது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கும் ஆகாது. அவர்கள் எடுப்பதென்றால் தினமும்தான். ஹெபடைடிஸ் பி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. பெண்களுக்குப் பாதுகாப்பு முழுசாக ஏற ஆண்களைவிட நாள் பிடிக்கும், மூன்று வாரம் வரை பொறுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு.

மாத்திரைக்குப் பதில் ஊசியும் வந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போடுவது கபோடெக்ராவிர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடுவது லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்கு அதைப் போட்டுப் பார்த்ததில் ஒருத்திக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா தடுப்பு மருந்தாக அனுமதித்தது. நம் ஹைதராபாத் கம்பெனிகள் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் 2027 முதல், வருஷத்துக்கு 40 டாலர் விலையில், ஏழை நாடுகளும் நடுத்தர நாடுகளுமாக 120 நாடுகளுக்கு அதைத் தயாரித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. டப்பா ஒளித்து வைக்க வேண்டியதில்லை, லேபிள் சுரண்ட வேண்டியதில்லை என்பதுதான் அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது.

பிரெப் ஆரம்பித்து மூன்றாவது மாத டெஸ்ட்டுக்கு அவனோடு நானும் போயிருந்தேன். துணைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னான், ஆனாலும் போனேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "யக்கா, அந்த மஞ்சப் பை அம்மாவை அப்பால பாத்தியா நீ?" என்றான்.

பார்த்தேன். என் ஆறாவது மாத டெஸ்ட் முடிந்து ஒரு வாரத்தில், காசிமேட்டு மார்க்கெட்டில். விடிகாலைக் கூட்டத்தில் என்னை அவர்தான் முதலில் பார்த்தார். கிட்டே வந்து எதுவும் கேட்கவில்லை. இடது கையைப் பிடித்தார்.

"எந்த விரலு?"

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்தின அடையாளம்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சி."

"அவரு தெனமும் கேப்பாரும்மா. அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சோ, இன்னா ஆச்சோன்னு."

விரலை விடாமலே திரும்பி, மீன்காரம்மாவிடம் நெத்திலி கூறு எவ்வளவு என்று கேட்டார். இரண்டு கூறு வாங்கினார். ஒன்றை என் பையில் போட்டார்.

அவன் ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்து போனான்.